ஸ்டைன்பெக்கின் நாவல்களும் அவற்றுக்குப் பின்னால் இருந்த குறிப்பேடுகளும்

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’, ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ ஆகிய இரண்டு நாவல்களையும் படித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய பயண நூல்களும் போர்க்களச் செய்திகளும் கட்டுரைகளும் நேரம் ஒதுக்கிப் படிக்கத் தக்கவைதாமா, அல்லது நாவல்களுக்கு இடையே பணத்தேவைக்காக எழுதப்பட்டவையா, படிப்பதென்றால் எந்த வரிசையில் படிப்பது என்பவை உங்கள் கேள்விகள். படிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் நாவல்களை முடித்த பிறகு துணைப்பாடம்போலப் படிக்காமல், அந்தந்த நாவலோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஸ்டைன்பெக் ஓர் இடத்துக்குப் போய், அங்குள்ள மனிதர்களோடு உட்கார்ந்து பேசி, குறிப்பெடுத்து, பிறகு அதையே கதையாக்கிய போதெல்லாம் பெரிய எழுத்தாளராக இருந்தார். பார்க்காததைப் பார்த்ததாக எழுதியபோதும், பிறர் காட்டியதை மட்டுமே பார்த்துவிட்டு எழுதியபோதும் சறுக்கினார். அவருடைய புனைவையும் அல்புனைவையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும்.

அவர் 1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று கலிஃபோர்னியாவின் சலினாஸ் ஊரில் பிறந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விட்டு விட்டுப் படித்து, 1925-இல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். முதல் நாவலான ‘கப் ஆஃப் கோல்டு’ (1929) பதினேழாம் நூற்றாண்டுக் கடற்கொள்ளையன் ஒருவனைப் பற்றிய கற்பனைச் சரித்திரம். ஆய்வாளர்களைத் தவிர மற்றவர்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1933-இல் வந்த ‘டு எ காட் அன்னோன்’ நாவலின் தலைப்பு மட்டும் நம்மைச் சற்று நிறுத்தும். ‘எந்தத் தேவனுக்கு நாம் அவியிட்டு வணங்குவோம்’ என்று பாடல்தோறும் கேட்கும் ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலப் பாசுரத்திலிருந்து எடுத்த தலைப்பு அது. நூலின் முகப்பிலும் அந்தப் பாசுரம் இருக்கிறது. நிலத்தையும் மழையையும் தெய்வமாக்கும் அந்தக் கதையில் வேகம் உண்டு. ஆனால் பாத்திரங்கள் மனிதர்களைப்போல் பேசுவதில்லை. அவருடைய பலம் எங்கே இருந்தது என்பது அதன் பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

நீங்கள் படித்த ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) அந்தத் திருப்பத்தின் தொடக்கங்களுள் ஒன்று. இளவயதில் பண்ணைகளில் கூலி ஆட்களோடு வேலை செய்தவர் அவர். அந்நாவலில் வரும் லென்னி என்ற பாத்திரத்துக்கு மூலமான மனிதன் உண்மையாகவே இருந்தவன் என்று 1937-இல் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த நாவலின் முதல் கைப்பிரதியில் பாதியை அவருடைய நாய்க்குட்டி கடித்துக் குதறிவிட்டது என்பது பலரும் அறிந்த கதை. பலரும் அறியாதது, அதற்கு அவர் முதலில் வைத்திருந்த தலைப்பு: ‘நடந்த ஒன்று’ என்று பொருள்படும் ‘சம்திங் தட் ஹேப்பண்டு’. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’. அந்த நாவலின் வேர் ஒரு நாளிதழ்த் தொடரில் இருக்கிறது. 1936-இல் ‘சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ்’ என்ற நாளிதழ், ஓக்லஹோமாவிலிருந்தும் அதன் சுற்றுப் பகுதிகளிலிருந்தும் புழுதிப் புயலாலும் கடனாலும் விரட்டப்பட்டு வந்து கலிஃபோர்னியாவின் தோட்டங்களில் பழம் பறித்துக்கொண்டிருந்த குடும்பங்களைப் பற்றி எழுதித் தரும்படி அவரைக் கேட்டது. பழைய ரொட்டிக்கடை வண்டி ஒன்றில் கிளம்பிய அவர், வாய்க்கால் ஓரங்களில் அந்தக் குடும்பங்கள் போட்டிருந்த குடியிருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த அக்டோபரில் ‘தி ஹார்வெஸ்ட் ஜிப்சீஸ்’ என்ற தலைப்பில் 7 கட்டுரைகள் வந்தன. அவற்றில் ஒன்றில் மூன்று குடும்பங்களை வரிசையாகக் காட்டுகிறார். முதல் குடும்பத்தின் வீடு அட்டைத்தாளால் கட்டியது. முதல் மழையிலேயே கூழாகிவிடும். ஆனாலும் உள்ளே சுத்தமாக இருக்கிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவது குடும்பத்துக்குக் கிழிந்த கூடாரம்தான் வீடு. அண்மையில் ஒரு குழந்தையைச் சாகக் கொடுத்தவர்கள். மூன்றாவது குடும்பத்தில் மூன்று வயதுக் குழந்தை இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, வீங்கிய வயிற்றோடு வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் பிரசங்கம் செய்வதில்லை. முதல் குடும்பம் எந்தப் பக்கம் சரிந்துகொண்டிருக்கிறது என்பதைப் படிப்பவர் தாமே கண்டுகொள்கிறார்.

அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு, ஆர்வின் ஊருக்கு அருகே இருந்த அரசாங்க முகாமின் பொறுப்பாளரான டாம் காலின்ஸின் நட்பு. முகாமில் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பேசினார்கள், எந்தப் பாட்டுப் பாடினார்கள் என்பதையெல்லாம் காலின்ஸ் அறிக்கைகளாக எழுதி வைத்திருந்தார். அவை ஸ்டைன்பெக்குக்குக் கிடைத்தன. நாவலின் மையமான ஜோடு குடும்பம் சிறிது காலம் மனிதர்களாக நடத்தப்படும் வீட்பேட்ச் முகாமும், அதன் குழுக்களும், சனிக்கிழமை நடனமும் அங்கிருந்து வந்தவை. ‘இதை நடத்தி முடிக்க வேண்டுமென்று உறுதியாய் நின்ற கேரலுக்கு, இதை வாழ்ந்த டாமுக்கு’ என்ற பொருளில் அமைந்த காணிக்கை வரியில் இரண்டாவதாக வருபவர் இந்தக் காலின்ஸ்தான். முதலில் வரும் கேரல் அவருடைய அப்போதைய மனைவி. கைப்பிரதியைத் தட்டச்சு செய்ததோடு நாவலுக்குத் தலைப்புக் கொடுத்தவரும் அவரே.

கட்டுரைகள் வந்தவுடன் நாவல் வந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1938-இன் தொடக்கத்தில் விசேலியா பகுதியில் வெள்ளம் வந்து, கூடாரங்களில் இருந்தவர்கள் பட்டினி கிடந்ததை அவர் நேரில் பார்த்தார். அதே காலத்தில் சலினாஸின் லெட்டூஸ் கீரைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வைத்து, பண்ணை முதலாளிகளைக் கிழிக்கும் ஓர் அங்கத நாவலை எழுதிக்கொண்டிருந்தார். கோபத்தில் எழுதிய அந்த நூல் நேர்மையானதாக இல்லை என்று தோன்றியதும் அதை அழித்துவிட்டார். அதன் பிறகு 1938 மே இறுதியிலிருந்து அக்டோபர் வரை, ஏறத்தாழ ஐந்து மாதங்களில் ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ எழுதப்பட்டது. அந்த மாதங்களில் அன்றாடம் எழுதிய நாட்குறிப்பு ‘வொர்க்கிங் டேஸ்’ என்ற பெயரில் 1989-இல் நூலாயிற்று. தாம் எழுத்தாளரே அல்ல, தம்மையும் பிறரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் அதில் புலம்புவதைப் படிக்கும்போது, அதே நாளில் எழுதி முடித்த அத்தியாயம் எது என்று தேடிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

நாவலின் அமைப்பே இந்தச் செய்தியாளர் வேலையைக் காட்டிக்கொடுக்கிறது. ஜோடு குடும்பத்தின் கதைக்கு நடுவே, பெயரில்லாத மனிதர்கள் வரும் குறுக்கு அத்தியாயங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: சாலையைக் கடக்கும் ஆமை, பழைய கார் விற்பவனின் ஓயாத பேச்சு, விலை சரியாமல் இருக்க மண்ணெண்ணெய் ஊற்றப்படும் ஆரஞ்சுக் குவியல். முதல் வாசிப்பில் பலர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் போனேன். கட்டுரைகளைப் படித்த பிறகு திரும்பி வந்தால்தான், ஒரு குடும்பத்துக்கு நேர்வது லட்சக்கணக்கானவர்களுக்கு நேர்ந்தது என்பதை நாவலுக்குள்ளேயே நிறுவ அவர் அல்புனைவின் குரலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்பது புரியும். 1939 ஏப்ரலில் வெளியான இந்நூல் அந்த ஆண்டில் அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவல் ஆனது, 1940-இல் புலிட்சர் பரிசும் பெற்றது. கதை நடக்கும் கெர்ன் மாவட்டத்தின் நிர்வாகக் குழுவோ, பொது நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதைத் தடை செய்தது.

கட்டுரைகளோடு சேர்த்துப் படிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. குறையும் தெளிவாகத் தெரியும். சீனர், ஜப்பானியர், மெக்சிகோக்காரர், ஃபிலிப்பினோக்காரர் ஆகியோரை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து கலிஃபோர்னியப் பண்ணைகள் சுரண்டிய வரலாற்றை அந்தத் தொடரில் அவர் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் இப்போது வந்திருப்பவர்கள் வெள்ளை அமெரிக்கர்கள், பழைய அடக்குமுறை இவர்களிடம் செல்லாது என்ற தொனியும் அதில் இருக்கிறது. நாவலில் அந்த மற்றவர்கள் ஏறக்குறைய காணாமலே போய்விடுகிறார்கள். அவர் பார்வையில் இருந்த இந்தக் குருட்டுப் புள்ளி கட்டுரையில் ஒரு வாக்கியமாக இருக்கிறது; நாவலில் அது ஒரு வெற்றிடமாகிவிட்டது. இந்த நாவலுக்கு இன்னொரு பெண்மணியின் குறிப்பேடும் சம்பந்தப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவருடைய அல்புனைவில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சீ ஆஃப் கோர்டெஸ்’ (1941). 1930-இல் அவருக்கு எட் ரிக்கெட்ஸ் என்ற கடல் உயிரியலாளர் நண்பரானார். மான்ட்டரே ஊரில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக நின்ற தெருவில், பள்ளி கல்லூரிகளுக்குக் கடல் உயிரிகளைப் பதப்படுத்தி விற்கும் ஆய்வகம் நடத்தியவர் ரிக்கெட்ஸ். ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ கிளப்பிய ஆரவாரத்திலிருந்து விலகியிருக்க விரும்பிய ஸ்டைன்பெக், 1940 மார்ச்சில் அவரோடு ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ என்ற மத்தி பிடிக்கும் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவுக்குப் போனார். சுமார் ஆறு வாரங்கள், கடல் நீர் வற்றும் நேரங்களில் பாறை இடுக்குகளில் நண்டும் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் சேகரித்தார்கள். அந்தச் சேகரிப்பின் அறிவியல் பட்டியலும் பயணக் கதையும் சேர்ந்ததே அந்த நூல். பயணக் கதை மட்டும் 1951-இல் ‘தி லாக் ஃப்ரம் தி சீ ஆஃப் கோர்டெஸ்’ என்று தனியாக வந்தது.

அதன் தொடக்கத்தில், நம் வஞ்சிர மீனின் பேரினத்தையே சேர்ந்த சியர்ரா என்ற மீனைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அந்த மீனின் முதுகுத் துடுப்பில் எத்தனை முள் என்பதைச் சரியாக எண்ண வேண்டுமானால், நாற்றமடிக்கும் ஜாடியைத் திறந்து, ஃபார்மலினில் விறைத்து நிறம் வெளுத்துக் கிடக்கும் மீனை எடுத்து எண்ணலாம். அந்த எண்ணிக்கையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உயிருள்ள சியர்ரா தூண்டிலில் அறைந்து, கயிறு உள்ளங்கையைச் சுட, நிறங்கள் மின்ன வாலடித்துக்கொண்டு படகின் மேல் வந்து விழும்போது மீனுக்கும் மனிதனுக்கும் இடையே புதிதாக ஓர் உறவு பிறக்கிறது. அது ஜாடிக்குள் இல்லை. இரண்டுமே உண்மை, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறப்பவன் மீனை முழுதாக அறிந்தவன் ஆகமாட்டான் என்பது அந்தப் பத்தியின் சாரம். புனைவுக்கும் அல்புனைவுக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இங்கும் அவர் மீனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

‘ஏன் இப்படி ஆயிற்று, யார் காரணம்’ என்று தேடுவதற்கு முன் ‘என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது’ என்று பார்க்க வேண்டும் என்ற கருத்தை விளக்கும் நீண்ட அத்தியாயம் ஒன்றும் அதில் உண்டு. ‘நடந்த ஒன்று’ என்ற அந்தப் பழைய தலைப்பின் ஊற்று இந்தச் சிந்தனைதான். அந்த அத்தியாயம் பெரும்பாலும் ரிக்கெட்ஸ் முன்பே எழுதி வைத்திருந்த கட்டுரை. பயணத்தின் தினக்குறிப்பை எழுதியவரும் ரிக்கெட்ஸ்தான். அதை எடுத்து ஸ்டைன்பெக் தம் நடையில் எழுதினார். ஆனாலும் 1951 பதிப்பின் முகப்பில் ரிக்கெட்ஸின் பெயர் ஆசிரியராக இல்லை. இன்னொரு விடுபடலும் உண்டு. அந்தப் படகில் கேரலும் கூடவே போனார்; நூலில் ஓரிடத்திலும் அவர் வருவதில்லை. அதே சமயம், தேவைப்படும்போதெல்லாம் மக்கர் பண்ணும் சிறுபடகு மோட்டார் ஒன்று பக்கம் பக்கமாக ஒரு பாத்திரமாகவே உலவுகிறது. அந்தப் பக்கங்களில் வாய்விட்டுச் சிரிக்கலாம். ஆனால் மனைவிக்கு இல்லாத இடம் மோட்டாருக்கு இருப்பதை நினைத்தால், அல்புனைவு என்ற பெயரை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

‘தி பேர்ல்’ குறுநாவல் இந்தப் பயணத்திலிருந்து பிறந்தது. லா பாஸ் ஊரில் கேட்ட ஒரு கதையைப் பயண நூலில் ஒரு சிறு பகுதியாக எழுதியிருக்கிறார். செவ்விந்தியச் சிறுவன் ஒருவனுக்குப் பெரிய முத்து கிடைக்கிறது. வேண்டிய மட்டும் குடிக்கலாம், விரும்பிய பெண்ணைக் கட்டலாம், செத்துப்போன உறவினருக்கெல்லாம் பூசை வைத்து அவர்களைக் கரையேற்றலாம் என்று கணக்குப் போடுகிறான். தரகர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். இரவில் ஆட்கள் வந்து அடித்து உதைக்கிறார்கள். கடைசியில் முத்தைத் திட்டிக் கடலில் எறிந்துவிட்டுச் சிரிக்கிறான். இந்தச் சிறுவன் நம்ப முடியாத அளவுக்கு ஞானியாக இருக்கிறானே என்று ஸ்டைன்பெக்கே அங்கு சந்தேகப்படுகிறார். 1947-இல் அது நூலாக வந்தபோது சிறுவன் போய், கினோ என்ற குடும்பத் தலைவனும் ஹுவானா என்ற மனைவியும் கைக்குழந்தையும் வந்தார்கள். இழப்பதற்கு ஒரு குழந்தை வந்த பிறகுதான் முத்தை எறிவது நம்பத்தக்க செயலாகிறது. சிரிப்புக்கும் அங்கே இடமில்லை. ஒரு தகவல் எப்படிக் கதையாகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்ட இவ்விரண்டையும் விடச் சிறந்த ஜோடியை நான் பார்த்ததில்லை.

‘கேனரி ரோ’ (1945) நாவலில் வரும் டாக் என்ற பாத்திரம் ரிக்கெட்ஸ்தான் என்பதை ஸ்டைன்பெக் மறைக்கவில்லை. அந்த நாவலின் முன்னுரைப் பகுதியில் ஓர் உவமை வருகிறது. சில வகைத் தட்டைப்புழுக்களை முழுதாகப் பிடிப்பது அரிது, தொட்டால் பிய்ந்துவிடும். கத்தி முனையில் அவை தாமாக ஊர்ந்து ஏறும்வரை பொறுத்து, பிறகு மெல்லக் கடல்நீர்க் குப்பிக்குள் விட வேண்டும். கதைகளையும் அப்படித்தான், பக்கத்தைத் திறந்து வைத்து, அவை தாமாக உள்ளே ஊர்ந்து வர விட வேண்டும் என்கிறார். ஒரு கடல் உயிரியலாளரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவருக்குத்தான் இப்படி ஓர் உவமை வாய்க்கும். 1948 மே மாதத்தில் ரிக்கெட்ஸின் கார் ரயிலில் அடிபட்டு அவர் இறந்தார். 1951 பதிப்புக்கு முன்னுரையாக ஸ்டைன்பெக் எழுதிய ‘அபவுட் எட் ரிக்கெட்ஸ்’ என்ற நினைவுக் கட்டுரை அவர் எழுதியவற்றிலேயே மிக நெருக்கமான உரைநடை. நாவலில் முனிவரைப்போல் இருப்பவர் இங்கே பீரும் பெண்ணாசையும் பிடிவாதமும் உள்ள மனிதராக வருகிறார். நாவலை முதலில் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ (1952) பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதில் வரும் ஹாமில்டன் குடும்பம் அவருடைய தாய்வழிக் குடும்பம். சாமுவேல் ஹாமில்டன் அவருடைய உண்மையான பாட்டனார். ட்ராஸ்க் குடும்பம் கற்பனை. இரண்டையும் ஒரே நூலில் பின்னியிருக்கிறார். தையல் தெரிகிறது என்பது என் எண்ணம்: ஹாமில்டன் பக்கங்களில் மண்வாசனை வீசுகிறது, கேத்தி என்ற தீமையின் வடிவமோ கடைசிவரை ஒரு கருத்தாகவே நின்றுவிடுகிறது. இந்த நாவலுக்கும் ஒரு குறிப்பேடு உண்டு. பெரிய நோட்டுப் புத்தகத்தின் வலப்பக்கத்தில் நாவலையும், இடப்பக்கத்தில் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிச்சிக்கு அன்றாடக் கடிதத்தையும் எழுதினார். பென்சில் சீவுவதிலிருந்து பிள்ளைகளின் கவலை வரை எல்லாம் அதில் இருக்கும். அவர் இறந்த மறு ஆண்டு, 1969-இல், ‘ஜர்னல் ஆஃப் எ நாவல்’ என்று அது வெளிவந்தது. எழுத விரும்புகிறவர்களுக்கு நாவலை விட இது பயன்படும்.

போர்க்கால எழுத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 1942-இல் இரண்டு நூல்கள் வந்தன. விமானப்படைக்கு ஆள் சேர்ப்பதற்காக அரசாங்கம் கேட்டு எழுதிய ‘பாம்ப்ஸ் அவே’ வெறும் விளம்பரம். அதைத் தாராளமாக விட்டுவிடலாம். பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டின் சிறு நகரத்தை அந்நியப் படை பிடித்துக்கொள்வதைச் சொல்லும் ‘தி மூன் இஸ் டவுன்’ குறுநாவலும் பிரசார நோக்கத்தோடு எழுதியதுதான். ஆனால் படையெடுத்து வந்தவர்களையும் வீட்டு ஏக்கமும் பயமும் உள்ள மனிதர்களாக அவர் காட்டியதால், எதிரியிடம் இரக்கம் காட்டுகிறார் என்று அமெரிக்க விமர்சகர்கள் சிலர் திட்டினார்கள். நாஜிகளின் பிடியில் இருந்த நார்வேயிலும் டென்மார்க்கிலும் ஹாலந்திலும் பிரான்சிலும் அதே நூலை மக்கள் இரகசியமாக அச்சிட்டுக் கைமாற்றிப் படித்தார்கள். ஆக்கிரமிப்பை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை என்பதே அந்த விமர்சனங்களுக்குப் போதுமான பதில்.

1943-இல் ‘நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன்’ நாளிதழின் நிருபராக இங்கிலாந்து, வட ஆப்பிரிக்கா, இத்தாலி ஆகிய இடங்களிலிருந்து செய்தி அனுப்பினார். அவை 1958-இல் ‘ஒன்ஸ் தேர் வாஸ் எ வார்’ என்று தொகுக்கப்பட்டன. செய்திகளை விட அவற்றுக்கு அவர் எழுதிய முன்னுரை முக்கியமானது. அமெரிக்கப் படையில் கோழைகளே கிடையாது என்பது போன்ற எழுதப்படாத விதிகளுக்கு நிருபர்கள் எல்லோரும் கட்டுப்பட்டார்கள், தணிக்கை அதிகாரி வெட்டுவதற்கு முன் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். செய்திகளில் எழுதியது பொய் அல்ல, எழுதாமல் விட்டதுதான் பொய் என்ற பொருளில் அவர் பேசுவது, பதினைந்து ஆண்டு கழித்து வந்த வாக்குமூலம்.

அதே சிக்கல் ‘எ ரஷ்யன் ஜர்னல்’ (1948) நூலில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. 1947 கோடையில் புகைப்படக் கலைஞர் ராபர்ட் காப்பாவோடு மாஸ்கோ, உக்ரைன், ஸ்டாலின்கிராடு, ஜார்ஜியா ஆகிய இடங்களுக்குப் போனார். பனிப்போர் மூண்டுவிட்ட அந்த நேரத்தில், ரஷ்யர்களைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல், கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுவது என்று இருவரும் விதி வைத்துக்கொண்டார்கள். அந்த விதி சில இடங்களில் அற்புதமாக வேலை செய்கிறது. ஸ்டாலின்கிராடில் ஓட்டல் சன்னலுக்கு வெளியே தெரிந்த இடிபாட்டுக் குழியிலிருந்து ஒரு சிறுமி விலங்குபோலத் தவழ்ந்து வெளியே வந்து, குப்பையில் கிடந்த தர்பூசணித் தோலைக் கடித்துத் தின்பதை எழுதியிருக்கிறார். போரைப் பற்றி அவர் எழுதிய எல்லாவற்றையும் விட அந்த அரைப்பக்கம் கனமானது. ஆனால் உக்ரைனின் கூட்டுப்பண்ணைகளில் அவர்களுக்கு விருந்துக்கு மேல் விருந்து நடக்கிறது. அவர் அதையும் விதிப்படி அப்படியே எழுதுகிறார். 1946–47-இல் உக்ரைனில் கடும் பஞ்சம் நிலவி மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி அந்த நூலில் இல்லை. ‘என்ன இருக்கிறது என்று மட்டும் பார்’ என்ற ரிக்கெட்ஸின் பாடம் கடலோரப் பாறையில் செல்லுபடியாகும், ஏனெனில் நண்டு தன் வீட்டை அலங்கரித்துக் காட்டுவதில்லை. அரசாங்கங்கள் காட்டும்.

‘ட்ராவல்ஸ் வித் சார்லி’ (1962) உங்களுக்கு எளிதில் கிடைக்கும். அதைத்தான் பலரும் முதலில் சிபாரிசு செய்வார்கள். 1960 செப்டம்பரில், 58 வயதில், ‘ரோசினான்டே’ என்று டான் கிஹோட்டேயின் குதிரையின் பெயரை வைத்த டிரக் ஒன்றில், சார்லி என்ற பூடில் நாயோடு, தம் நாட்டை மறுபடி பார்க்கக் கிளம்பிய கதை அது. நடை இனிமையானது. நாயும் மனிதனும் பேசிக்கொள்ளும் பகுதிகள் சலிப்பதில்லை. ஆனால் 2010-இல் பில் ஸ்டைகர்வால்டு என்ற பத்திரிகையாளர் அதே வழியில் போய், கடிதங்களோடும் கைப்பிரதியோடும் ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்டைன்பெக் பல இரவுகள் டிரக்கில் தனியே தங்காமல் ஓட்டல்களில் இருந்தார், மனைவி எலைனோடு கழித்த நாட்களும் நிறைய, வழியில் சந்தித்ததாகச் சொல்லும் சிலரின் பேச்சு புனைந்தது போலிருக்கிறது என்று எழுதினார். 2012-இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், ஸ்டைன்பெக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜே பரினியும், இதை எழுத்துக்கு எழுத்து உண்மையென்று கொள்ளக் கூடாது என்று எச்சரித்தார். நாடகக்காரர் ஒருவர் கச்சிதமாக வசனம் பேசிவிட்டுப் போகும் இடம்போல, எல்லோரும் ஒரே குரலில் பேசும் பகுதிகளைப் படிக்கும்போது எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

அந்த நூலிலும் ஒரு பகுதி வேறு தரத்தில் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளியில் சேர்க்கப்பட்ட கறுப்பினச் சிறுமியைக் காவலர்கள் அழைத்துப் போகும்போது, தினமும் கூடி நின்று கேவலமாகக் கத்திய பெண்களை அவர் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்தார். பத்திரிகைகள் அச்சிடத் துணியாத அந்த வசைகளை அவர் அப்படியே எழுதியிருந்தார். பதிப்பகம் அவற்றை நீக்கிவிட்டது. நீக்கிய பிறகும் அந்தப் பக்கங்களில் உள்ள அருவருப்பு குறையவில்லை. சார்லியோடு ஊர் சுற்றும் தாத்தாவின் குரல் அங்கே மறைந்து, 1936-இல் வாய்க்கால் ஓரத்தில் நின்றவரின் குரல் திரும்பி வருகிறது.

அந்த நூல் வந்த 1962-ஆம் ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ‘யதார்த்தமும் கற்பனையும் உள்ள எழுத்து’ என்ற பொருளில் இரண்டையும் சேர்த்தே பரிசுக் குறிப்பு சொல்கிறது. பரிசுக்குத் தாம் தகுதியானவரா என்று நிருபர்கள் கேட்டபோது ‘உண்மையைச் சொன்னால், இல்லை’ என்றார். அதன் பின் நாவல் எதையும் அவர் வெளியிடவில்லை. 1966–67-இல் ‘நியூஸ்டே’ நாளிதழுக்காக வியட்நாமிலிருந்து எழுதியவை போரை ஆதரித்தன. ராணுவ ஹெலிகாப்டர்களில் சுற்றிக்கொண்டு, படைவீரர்களின் திறமையை வியந்து எழுதிய அந்தக் கட்டுரைகளில், அங்கிருந்த ஏழை விவசாயி ஒருவன் என்ன நினைத்தான் என்பது தெரியவே தெரியாது. ஜோடு குடும்பத்தைப் படைத்தவர் இதை எழுதினாரே என்று பழைய வாசகர்கள் வருந்தியதில் வியப்பில்லை. 1968 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் காலமானார்.

இனி வரிசை. ‘ஹார்வெஸ்ட் ஜிப்சீஸ்’ ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடியது. அதைப் படித்துவிட்டு ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’தின் குறுக்கு அத்தியாயங்களை மட்டும் மறுபடி புரட்டுங்கள். பிறகு ‘கேனரி ரோ’, அதன் பின் ‘சீ ஆஃப் கோர்டெஸ்’ பயணக் கதை, அதிலேயே ரிக்கெட்ஸ் பற்றிய கட்டுரை, பிறகு ‘பேர்ல்’. போர் எழுத்தில் அந்த 1958 முன்னுரையும், ரஷ்ய நூலில் ஸ்டாலின்கிராடு அத்தியாயமும் போதும். சார்லியை விடுமுறையில் படிக்கலாம், நாவல் என்று நினைத்துக்கொண்டு படித்தால் ஏமாற்றம் இருக்காது.

கடைசியில் சொல்வதாகச் சொன்னது சனோரா பாப் என்ற எழுத்தாளரைப் பற்றி. ஓக்லஹோமாவில் பிறந்த அவர் 1938-இல் டாம் காலின்ஸோடு அதே முகாம்களில் வேலை செய்து, குடும்பங்களிடம் கேட்டதையெல்லாம் குறிப்பாக எழுதி வந்தார். அந்தக் குறிப்புகள் காலின்ஸ் வழியாக ஸ்டைன்பெக்கின் கைக்கும் போயின. அவற்றை அவர் எவ்வளவு பயன்படுத்தினார் என்பதில் ஆய்வாளர்கள் உடன்படுவதில்லை. பாப் தாமே அந்த மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ வெளிவந்து விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தபோது, அதே பொருளில் இன்னொரு நாவலுக்குச் சந்தை இராது என்று அவருடைய பதிப்பகம் பின்வாங்கிவிட்டது. ‘ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்னோன்’ என்ற அந்த நாவல் 2004-இல்தான், பாப் 97 வயதை எட்டிய பிறகு, ஓக்லஹோமா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஸ்டைன்பெக்கின் கட்டுரைகளையும் நாவலையும் படித்து முடித்த கையோடு அதையும் வாங்கிப் படியுங்கள். ஒரே முகாம்கள், ஒரே மக்கள், எழுதிய கை மட்டும் வேறு.